வார்டில் கற்பிக்க யார் கற்றுக்கொடுப்பது?

காலை எட்டரை மணிக்கு ஏதாவதொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மெடிசின் வார்டுக்குள் போய் நின்று பாருங்கள். யூனிட் சீஃப் முன்னால் நடப்பார். அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர்கள், அடுத்து முதுநிலை மாணவர்களான பி.ஜி.க்கள், அப்புறம் கேஸ் ஷீட்டுகளைச் சுமந்தபடி, படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள், கடைசி வரிசையில் எட்டிப் பார்க்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். பன்னிரண்டாவது படுக்கையருகே சீஃப் நிற்கிறார். நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார், கழுத்தைச் சற்றுத் திருப்பச் சொல்லிப் பார்க்கிறார், கால் வீக்கத்தை விரலால் அழுத்துகிறார். "ஃப்ரூசமைடைக் கூட்டிடுங்க. சாயங்காலம் பொட்டாசியம் பாருங்க" என்கிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் எத்தனையோ விஷயங்களைக் கவனித்திருப்பார். கழுத்துச் சிரை எவ்வளவு உயரம் புடைத்திருக்கிறது, நேற்றைக்கு இன்று மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா, தலையணை இரண்டா மூன்றா, வீக்கம் முழங்காலைத் தாண்டியிருக்கிறதா, சிறுநீரகம் இந்த மருந்தைத் தாங்குமா. ஒவ்வொன்றையும் எடைபோட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார். ஆனால் பின்வரிசை மாணவர் காதில் விழுந்தது ஒரு மருந்தின் பெயரும் ஒரு ரத்தப் பரிசோதனையின் பெயரும் மட்டுமே.

இங்கே சீஃபைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று பாட்டியிடம் கேட்டால் "கையில எடுத்தா தெரியும்" என்பார். மறைக்க வேண்டும் என்று அப்படிச் சொல்வதில்லை. கைப்பக்குவம் ஆன எதையும் வாயால் பிரித்துச் சொல்வது கடினம். அனுபவமுள்ள மருத்துவரின் அறிவும் இப்படித்தான். தொடக்கத்தில் ஒவ்வொரு அறிகுறியாக யோசித்துச் சேர்த்ததெல்லாம் ஆயிரம் நோயாளிகளைப் பார்த்த பிறகு ஒரே பார்வையில் தெரியும் உருவமாக மாறிவிடுகிறது. வைத்தியம் செய்வதற்கு இது பெரிய பலம். கற்பிக்கும்போது இதே பலம் தடையாக வந்து நிற்கிறது. தனக்குள் தானாக நடக்கும் யோசனையை மெதுவாக்கி, மற்றவர் காதில் விழும்படி வெளியே கொண்டுவர வேண்டும். அது தனித் திறமை. நன்றாக வைத்தியம் பார்க்கிறவருக்கு அது தானாக வந்துவிடும் என்று நினைத்ததுதான் மருத்துவக் கல்வி நெடுங்காலம் செய்த தவறு.

டாக்டர் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கு 'கற்பித்தல்' என்றுதான் பொருள். ஆனாலும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கச் சொல்லித்தர வேண்டும் என்ற யோசனை 1950களின் நடுவில்தான் உருப்பெற்றது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர், பக்கத்துக் கல்வித் துறைப் பேராசிரியர்களைக் கூட்டிக்கொண்டு மருத்துவ ஆசிரியர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பயிற்சி கட்டாயம், உயிர் காக்கும் தொழிலைச் சொல்லித்தருபவருக்கு வேண்டாமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. 1970களில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. தென்கிழக்கு ஆசியாவுக்கான ஆசிரியர் பயிற்சி மையங்களில் ஒன்று இலங்கையில் பேராதனையில் அமைந்தது. இந்தியாவில் அதே பத்தாண்டில் புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் வந்தது. இந்த முயற்சி நம் கரையோரத்திலேயே வேர் விட்டது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

சரி, அந்தத் திறமை என்பது என்ன? பிறவியிலேயே வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னையில் கே.வி.திருவேங்கடம் போன்றவர்களின் படுக்கையருகு வகுப்புகளைப் பற்றி இன்றும் மூத்த மருத்துவர்கள் கண் விரியப் பேசுவார்கள். அப்படிப்பட்டவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கற்பித்தல் ஒரு வரம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நல்ல ஆசிரியர்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால், அதில் பெரும்பகுதி பழகிக்கொள்ளக்கூடிய சிறுசிறு பழக்கங்கள் என்பது தெரியும்.

1992ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் குடும்ப மருத்துவம் கற்பித்த ஜான் நெஹரும் அவருடைய சக ஆசிரியர்களும் அந்தப் பழக்கங்களை ஐந்தாகச் சுருக்கினார்கள். 'ஒரு நிமிட ஆசிரியர்' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. வார்டில் அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

மழைக்காலம். பத்தொன்பது வயதுப் பையன், ஐந்து நாள் காய்ச்சல், டெங்கு உறுதியாகிவிட்டது. ஹவுஸ் சர்ஜன் கேஸைச் சொல்கிறார்: "நேத்து ராத்திரியோட காய்ச்சல் விட்டிருச்சு சார். பிளேட்லெட் 42,000. ப்ளீடிங் எதுவும் இல்ல. ரெண்டு மூணு தடவை வாந்தி. லேசா வயித்து வலி."

இந்த இடத்தில் ஆசிரியருக்கு நாக்கு துருதுருக்கும். "ஹிமட்டோக்ரிட் என்ன?" (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; நீர் கசிந்தால் இது ஏறும்) என்று கேட்டு, விடையையும் தானே சொல்லி முடித்துவிடத் தோன்றும். பழகிய ஆசிரியர் தன்னை அடக்கிக்கொண்டு கேட்பது வேறு: "சரிம்மா, இவனுக்கு இப்ப என்ன செய்யலாம்னு உனக்குத் தோணுது?"

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடினமான பகுதி இதுதான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்து 1970களில் எழுதினார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, தைரியமும் கூடியது. வார்டில் மூன்று விநாடி மௌனம் ஒரு யுகம்போல் இருக்கும். இருந்தாலும் பொறுக்க வேண்டும்.

"காய்ச்சல் விட்டதால பிளேட்லெட் மட்டும் ஏத்திட்டு நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிரலாம் சார்."

மாணவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தவறான முடிவுதான். ஆனால் வாய் திறந்து ஒரு முடிவைச் சொன்ன பிறகுதான், அது சரியா என்று தெரிந்துகொள்ளும் பசி வருகிறது. இரண்டாவது கேள்வி: "எதை வச்சு அப்படிச் சொல்ற?" அப்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். காய்ச்சல் விட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். டெங்கு என்றாலே பிளேட்லெட் எண்ணிக்கைதான் என்று நினைத்திருக்கிறார். ஹிமட்டோக்ரிட் 40லிருந்து 48க்கு ஏறியிருப்பது கேஸ் ஷீட்டில் இருக்கிறது, ஆனால் அவர் கண்ணில் அது படவே இல்லை. ஒரே கேள்வியில் மூன்று ஓட்டைகளும் தெரிந்துவிட்டன. நேரே பாடம் எடுத்திருந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

மூன்றாவதாக ஒரு பொது விதி. ஒன்றே ஒன்று. "டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் ஜாக்கிரதையா இருக்க வேண்டிய நேரம். ரத்தக் குழாய்லேருந்து நீர் கசியறது அப்பதான். அதனால பிளேட்லெட்டோட ஹிமட்டோக்ரிட்டையும் சேர்த்துப் பாரு. வயித்து வலியும் நிக்காத வாந்தியும் எச்சரிக்கை மணி." டெங்குவின் நான்கு வைரஸ் வகைகளைப் பற்றியும் கொசுவின் வாழ்க்கைச் சுற்றைப் பற்றியும் அந்த நேரத்தில் பேசக் கூடாது. படுக்கையருகில் தலையில் நிற்பது ஒரு விதிதான்.

நான்காவது, சரியாகச் செய்ததைச் சொல்வது. "வாந்தி, வயித்து வலி ரெண்டையும் நீயா கேட்டு எழுதியிருக்க பாரு, அது நல்ல விஷயம். பல பேர் விட்டுடுவாங்க." ஐந்தாவது, தவறைத் திருத்துவது. "ப்ளீடிங் இல்லாதவனுக்கு இந்த எண்ணிக்கையில பிளேட்லெட் வேண்டாம். டிஸ்சார்ஜும் வேண்டாம். இப்ப ஃப்ளூயிட் கணக்குப் போடு, நாலு மணி நேரத்துல ஹிமட்டோக்ரிட் திரும்பப் பாரு." எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகாது. பையனும் பிழைப்பான், அந்த ஹவுஸ் சர்ஜன் இனி எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் காய்ச்சல் விட்ட நாளைக் கோட்டை விடமாட்டார்.

இந்த ஐந்தில் நாலாவதும் ஐந்தாவதும்தான் நம் ஊரில் மிகவும் மெலிந்திருக்கின்றன. மாணவருக்கு அவர் செய்ததைப் பற்றித் திருப்பிச் சொல்வதை (ஃபீட்பேக்) நாம் இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறோம். நன்றாக இருந்தால் "குட்". நன்றாக இல்லையென்றால் வார்டே கேட்கும்படி ஒரு வசை. 'ரவுண்ட்ஸ்ல காய்ச்சிட்டார்' என்பது மருத்துவ மாணவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்றொடர். நான் பி.ஜி.யாக இருந்தபோது ஒரு காலை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட் என் காலடியில் வந்து விழுந்தது. என்ன தவறு செய்தேன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. படுத்திருந்த நோயாளியம்மா குனிந்து தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தது மட்டும் மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன். ஒருமுறை பார்க்காத ரத்த அழுத்தத்தை எழுதினேன்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவமானப்படுத்துவது மாணவர் மனசை நோகடிப்பதோடு நிற்பதில்லை, நோயாளியையும் ஆபத்தில் தள்ளுகிறது. பயந்த மாணவர் தெரியாததை மறைப்பார். மறைத்ததைத் திருத்த முடியாது. 1983ல் ஜாக் எண்டே என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரை இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் சாரம் எளிமையானது: திருப்பிச் சொல்ல ஆளில்லாவிட்டால் தவறு தவறாகவே தொடரும், சரியானதும் நிலைக்காது. எப்படிச் சொல்வது என்பதற்கும் அவர் வழி காட்டினார். ஆளைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேச வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் பேச வேண்டும்.

கண்ணால் பார்ப்பது. அங்கேதான் சிக்கல். ஒரு மாணவர் நோயாளியிடம் பேசுவதை முழுதாக உட்கார்ந்து பார்த்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? நாம் பார்ப்பதெல்லாம் மாணவர் கேஸை நம்மிடம் ஒப்பிப்பதைத்தான். கேஸ் எடுத்த விதத்தை யாரும் பார்ப்பதில்லை. இதற்காகவே 1990களில் ஜான் நார்சினியும் அவருடன் இருந்தவர்களும் மினி-சி.இ.எக்ஸ். என்ற மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். பதினைந்து இருபது நிமிடம் மாணவரும் நோயாளியும் பேசுவதை ஆசிரியர் ஓரமாக நின்று பார்ப்பார், பிறகு ஐந்து நிமிடம் பேசுவார். அவ்வளவுதான்.

நான் முதல்முறை அப்படி உட்கார்ந்து பார்த்த நாள் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. நன்றாகப் படிக்கும் மாணவி. எதிரே எழுபது வயது விவசாயி. "தாத்தா, பால்பிட்டேஷன் இருக்கா? ஆர்த்தாப்னியா மாதிரி படுத்தா மூச்சு வாங்குதா?" என்று கேட்கிறார். தாத்தா மரியாதையாக "இல்லைங்கம்மா" என்கிறார். மாணவி 'இல்லை' என்று எழுதிக்கொள்கிறார். இரண்டு நிமிடம் கழித்து தாத்தா தானாகவே சொல்கிறார்: "ராத்திரி படுத்தா நெஞ்சு அடைக்குது, எந்திரிச்சு உக்காந்துக்குவேன்." அதை மாணவி எழுதவில்லை. அவருடைய பட்டியலில் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. இதே கேஸை அவர் என்னிடம் ஒப்பித்திருந்தால் 'படுத்தால் மூச்சுத் திணறல் இல்லை' என்றுதான் நான் நம்பியிருப்பேன். எத்தனை வருடமாக எத்தனை கேஸ்களை அப்படி நம்பினேனோ என்று அன்று மனம் கனத்தது. அவரிடம் தனியாகச் சொன்னேன்: "அவர் நெஞ்சு அடைக்குதுன்னு சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லு பார்ப்போம்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கே புரிந்துவிட்டது.

கைவேலை சொல்லித்தருவதற்கும் முறை உண்டு. 'ஒண்ணைப் பார், ஒண்ணைச் செய், ஒண்ணைச் சொல்லிக்கொடு' என்ற பழைய வழக்கம் நோயாளியின் உடம்பில் ஒத்திகை பார்ப்பதற்குச் சமம். 1998ல் பெய்டன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் நாலு படிகளாக இதை வகுத்தார். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டு, பிறகு ஒவ்வொரு அசைவையும் விளக்கிச் செய், மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல நீ செய், கடைசியில் அவர் சொல்லிக்கொண்டே செய்யட்டும். மூன்றாவது படிதான் இதன் உயிர். ஊசியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அவருக்கு எங்கே தடுமாறுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, நம் நாட்டில் இதை ஆசிரியர்களிடம் கொண்டுசேர்க்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பார்க்கலாம். ஏற்பாடு இருக்கிறது, சிறிய ஏற்பாடும் இல்லை. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவக் கல்விப் பிரிவு இருக்க வேண்டும் என்று 1997 விதிகளே சொல்லின. 2009ல் இந்திய மருத்துவக் கவுன்சில் மண்டல மையங்களை அமைத்து, ஆசிரியர்களுக்கு அடிப்படைப் பயிற்சியைத் தொடங்கியது. 2019ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படையிலான கல்வியாக மாறியது. மாணவர் என்ன தெரிந்துவைத்திருக்கிறார் என்பதோடு, என்ன செய்துகாட்ட முடியும் என்பதும் கணக்கில் வந்தது. செய்த வேலைகளைப் பதியும் லாக் புக் வந்தது, நோயாளியிடம் பேசும் முறைக்கென்றே பாடம் வந்தது. அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள், உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக உயர அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழைக் கட்டாயமாக்கின. ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் 2007 முதல் மருத்துவக் கல்விக்கான அமெரிக்க அமைப்பான ஃபெய்மரோடு சேர்ந்து நடக்கும் இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப் இருக்கிறது.

அந்த அடிப்படைப் பயிற்சி மூன்று நாள். முப்பது பேர் வரை ஒரு ஹாலில் கூடுவார்கள். பாட நோக்கங்களை எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, சிறு குழுவாகக் கற்பிப்பது, மாணவரிடம் திருப்பிச் சொல்வது என்று வரிசையாக அமர்வுகள் நடக்கும். நடத்துபவர்கள் பெரும்பாலும் உண்மையான அக்கறையோடு நடத்துகிறார்கள். நான் போனபோது அங்கே கிடைத்த இரண்டு மூன்று விஷயங்களை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் நாலாவது நாள் காலை, ஓ.பி.யில் நூற்றைம்பது பேர் காத்திருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போகிறோம். ஹாலில் கற்றதை வார்டில் செய்கிறோமா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. மாணவர் செய்வதைக் கண்ணால் பார்க்காமல் திருத்த முடியாது என்று அந்த மூன்று நாளும் சொல்லித்தருகிறோமே, அதே விதி ஆசிரியருக்கும் பொருந்தும்தானே?

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவோன் ஸ்டைனர்ட் குழுவினர் மருத்துவ ஆசிரியர் பயிற்சி பற்றி வெளிவந்த ஆய்வுகளை இரண்டு முறை திரட்டிப் பார்த்தார்கள். 2006ல் 53 ஆய்வுகள், 2016ல் 111. பயிற்சிக்கு வந்தவர்கள் மகிழ்ச்சியோடு திரும்பினார்கள், தங்கள் கற்பித்தல் மாறியதாகவும் சொன்னார்கள். வார்டிலே அது மாணவர்களிடம் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று அளந்த ஆய்வுகள் குறைவு. எது வேலை செய்கிறது என்பதிலும் ஒரு தெளிவு கிடைத்தது: செய்து பழகுவது, செய்ததைப் பற்றி ஒருவர் திருப்பிச் சொல்வது, சக ஆசிரியர்களின் துணை, பல மாதங்களுக்கு நீளும் தொடர்ச்சி. மூன்று நாள் பயிற்சியில் இந்தத் தொடர்ச்சிக்குத்தான் இடமில்லை.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனுக்கு உண்மையில் யார் சொல்லித்தருகிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு ஒருவர் வரும்போது பக்கத்தில் நிற்பது பேராசிரியர் இல்லை, இரண்டாம் ஆண்டு பி.ஜி. ரத்தம் எடுப்பது, கதீட்டர் போடுவது, உறவினரிடம் கெட்ட செய்தி சொல்வது, இவையெல்லாம் பி.ஜி.யைப் பார்த்துத்தான் வருகின்றன. சமீபத்தில்தான் அதே இடத்தில் தடுமாறியவர் என்பதால், எங்கே புரியாது என்பது பேராசிரியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ரெசிடென்டுகளை (நம் பி.ஜி.க்களைப் போன்றவர்கள்) அந்தப் பணிக்குத் தயார்செய்ய வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரி அங்கீகார விதிகளிலேயே இருக்கிறது. நம்மிடம் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் உதவிப் பேராசிரியரிலிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது. கற்பிக்கும் பழக்கம், நல்லதோ கெட்டதோ, அதற்குள் பத்து வருடமாக உறைந்துபோயிருக்கும்.

இடங்கள் பெருகும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2014ல் நாட்டில் சுமார் 51,000 எம்.பி.பி.எஸ். இடங்கள் இருந்தன. இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் மட்டும் விருதுநகர், அரியலூர், ராமநாதபுரம், நீலகிரி உட்பட 11 மாவட்டங்களில் ஒரே நாளில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, 1,450 இடங்களோடு. மாவட்டத்துக்கொரு கல்லூரி என்பது மக்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டடம் இரண்டு வருடத்தில் எழும்பிவிடும். ஆனால் நேற்றுவரை சிகிச்சை மட்டும் பார்த்த மாவட்ட மருத்துவமனைகளில் இன்று மாணவர்கள் வந்து நிற்கிறார்கள். அங்கே கற்பிக்கும் பழக்கத்தை முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருக்கிறது.

நேரம் இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது பொய்யில்லை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், வார்டில் நன்றாகச் சொல்லித்தந்ததை எண்ண வழியில்லை. இதெல்லாம் மேலே மாற வேண்டியவை. அதுவரை யூனிட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை: ஒருவர் கற்பிப்பதை இன்னொருவர் பார்ப்பது.

எங்கள் யூனிட்டில் இதைத் தொடங்கியபோது முதலில் என் வகுப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு சக ஆசிரியையைக் கேட்டேன். அவர் விமர்சனம் எதுவும் எழுதவில்லை. இருபது நிமிடத்தில் நான் கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். பெரும்பாலானவை ஒரே சொல்லில் பதில் வரும் கேள்விகள். இதயத்தில் கேட்கும் இது எந்த முர்மர், அந்த மருந்தின் டோஸ் என்ன, இந்த நோய்க்குறிக்கு யாருடைய பெயர். 'ஏன்' என்று தொடங்கிய கேள்வி ஒன்றுகூட இல்லை. தாளின் ஓரத்தில் இன்னொரு குறிப்பு: பதில் சொன்னவர்கள் முன்வரிசையில் நின்ற மூன்றே பேர்.

இப்போது மாதம் இருமுறை, சனிக்கிழமைகளில், பி.ஜி.க்கள் ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு கேஸைக் கற்பிப்பார்கள். இன்னொரு பி.ஜி. ஓரமாக நின்று கேள்விகளை எழுதிக்கொள்வார். முடிந்ததும் இருவரும் டீ குடித்தபடி அந்தத் தாளைப் பார்ப்பார்கள். போன முறை தாளில் நாலாவது வரியில் இப்படி இருந்தது: "ஏன் அப்படி நினைக்கிற?" அதற்குப் பக்கத்தில், பென்சிலில், "5 விநாடி காத்திருந்தார். பின்னால் நின்ற பையன் பேசினான்."